யாழ்ப்பாணம் முருங்கை மட்டும் ஜெல்லில் மங்கலாக வருகிறது: எத்திடியத்தை மாற்றிவிடலாமா?

கொழுந்து_முருங்கை | திங்கள், இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. கடைசி வருடம், சென்னையில் ஒரு கல்லூரி. பிகேஎம்-1, யாழ்ப்பாணம் என்ற இரண்டு முருங்கை ரகங்களுக்கும் ஐஎஸ்எஸ்ஆர் பட்டைகளில் (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்களுக்கு நடுவே உள்ள துண்டுகளைப் பெருக்கி ஜெல்லில் ஓட்டினால் தெரியும் கோடுகள்) என்ன வித்தியாசம் என்று பார்ப்பதுதான் புராஜெக்ட். பிகேஎம் இலை நர்சரியில் வாங்கிய செடியிலிருந்து. யாழ்ப்பாணம், வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பாட்டி வைத்த மரம்.

சிடாப் முறையில் (சிடாப் என்பது செல்லை உடைக்கும் ஒரு சோப்பு வகை) டிஎன்ஏ எடுத்தேன். நேனோடிராப்பில் (ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து அளவு சொல்லும் கருவி) பிகேஎம் ஒரு மைக்ரோலிட்டருக்கு 210 நேனோகிராம், யாழ்ப்பாணம் 620! 260/280 விகிதம் (260, 280 நேனோமீட்டர் ஒளியை விழுங்குகிற விகிதம், சுத்தம் பார்க்க) பிகேஎம் 1.83, யாழ்ப்பாணம் 2.04. கைடு சார் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்தைப் பாராட்டினார். இரண்டையும் 50-க்கு நீர்த்துக்கொண்டு பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) போட்டேன். பிகேஎம்மில் ஏழு பட்டைகள் பளிச்சென்று வருகின்றன. யாழ்ப்பாணத்தில் மூன்றுதான், அதுவும் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். மூன்று தடவை செய்தும் இதே கதை. அதோடு 300 காரஜோடிக்குக் (டிஎன்ஏ நீளத்தின் அலகு) கீழே உள்ள சின்னப் பட்டைகள் இரண்டு செடியிலுமே மங்கல்.

1.5 சதவீத அகரோஸ் ஜெல், டிஏஈ (ஜெல் ஓட்டும் கரைசல்), 100 வோல்ட். எத்திடியம் புரோமைடை (டிஎன்ஏவைக் கண்ணுக்குக் காட்டும் டை) ஜெல்லிலேயே கலந்து ஊற்றுகிறோம். சீனியர் அக்கா ஒருவர், "எத்திடியம் பழங்காலத்து டை, அதான் தெரியல. கேன்சர் வேற. சேஃப் டை வாங்கச் சொல்லு" என்கிறார். துறையில் காசு கேட்பதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். டையை மாற்றினால் பட்டை வருமா?

---

பழைய_ஜெல் | திங்கள், இரவு 10:15

டையை மாற்றுவது அப்புறம். பிசிஆர் போடுவதற்கு முன், எடுத்த டிஎன்ஏவை அப்படியே ஜெல்லில் ஓட்டிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் ஜெல்லில் டிஎன்ஏ ஊற்றும் கிணற்றுக்குப் பக்கத்தில் என்ன, ஜெல்லின் அடியில் என்ன என்று சொல்லுங்கள். "நன்றாக வந்தது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

---

கொழுந்து_முருங்கை | திங்கள், இரவு 10:31

பார்த்தேன் சார். பிகேஎம்மில் மேலே தடியாக ஒரு பட்டை, கீழே லேசாகக் கொஞ்சம் புகை. யாழ்ப்பாணத்தில் மேலே மெல்லிய பட்டை, அடியில் அகலமாக ஒரு மேகம். மேலே உள்ளதைவிட மேகம்தான் பளபளவென்று இருந்தது. டிஎன்ஏ உடைந்துவிட்டதோ என்று நினைத்தேன். நேனோடிராப் 620 காட்டியதால் விட்டுவிட்டேன்.

---

வடை_பாயசம் | திங்கள், இரவு 10:33

அந்த மேகம்தான் குற்றவாளி. கேஸ் முடிந்தது, எல்லோரும் தூங்கப் போகலாம்.

---

கிண்டி_நிழல் | திங்கள், இரவு 11:50

வடை சொன்னது சரிதான். ஆனால் ஏன் என்று சொல்லாமல் தூங்கப் போனால் அடுத்த மாதம் இதே கேள்வியோடு இன்னொருவர் வருவார். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

டிஎன்ஏ நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தானாக ஒளிர்வதில்லை. ஜெல்லில் நாம் பார்க்கிற ஆரஞ்சு முழுக்க எத்திடியத்தின் ஒளி. எத்திடியம் தட்டையான மூலக்கூறு. டிஎன்ஏ ஏணியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் காரங்களுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொள்ளும். சின்ன வயதில் புத்தகப் பக்கங்களுக்கு நடுவே மயிலிறகு வைப்போமே, அப்படி. இறகு வைத்தால் புத்தகம் கொஞ்சம் தடிக்கும் அல்லவா? டிஎன்ஏவும் அப்படியே நீளும், முறுக்கும் சற்றுத் தளரும். தமிழில் இதற்கு 'இடைச்செருகல்' என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. என்ன, ஏட்டில் நடந்தால் புலவர்கள் சண்டைக்கு வருவார்கள், டிஎன்ஏவில் நடந்தால் நமக்குப் படம் கிடைக்கிறது.

உள்ளே போனதும் ஏன் ஒளிர்கிறது? தண்ணீரில் தனியாக இருக்கும்போது எத்திடியம் வாங்கிய ஆற்றலை அக்கம்பக்கத்துத் தண்ணீரிடம் இழந்துவிடுகிறது. கிளர்ந்த நிலையில் அது தங்கியிருப்பது 2 நேனோ நொடிக்கும் குறைவு. காரங்களுக்கு நடுவே ஒதுங்கியபின் தண்ணீர் அண்டாது. 20 நேனோ நொடிக்கு மேல் தங்கும், ஒளியும் இருபது மடங்கு அளவுக்குக் கூடும். சைபர் கிரீன் என்ற இன்னொரு டை வகையறா இன்னும் வேடிக்கை. தைசோல் ஆரஞ்சு, சைபர் எல்லாம் நடுவில் ஒரு பாலம், இரண்டு பக்கமும் தட்டையான வளையம் என்ற அமைப்பு. தண்ணீரில் அந்தப் பாலத்தைச் சுற்றி இஷ்டத்துக்குத் திரும்பித் திரும்பி, வாங்கிய ஆற்றலை ஆட்டத்திலேயே தொலைத்துவிடும். டிஎன்ஏவில் மாட்டியதும் ஆட முடியாது. காலை எட்டரை மணி 29சி பஸ்ஸில் நடுவில் நிற்பவரால் கையைத் தூக்கித் தலையைச் சொறிய முடியுமா? அந்த நிலைதான். ஆட முடியாத ஆற்றல் ஒளியாக வெளியே வருகிறது. இந்தக் குடும்பத்தில் சிலவற்றுக்கு ஆயிரம் மடங்குகூட ஒளி ஏறும்.

இப்போது உங்கள் மேகம். எத்திடியத்துக்கு டிஎன்ஏ, ஆர்என்ஏ என்ற பேதம் பெரிதாகக் கிடையாது. ஆர்என்ஏ ஒற்றை இழைதான், ஆனால் தன்மேலேயே மடிந்து ஆங்காங்கே இரட்டையாகிக் கிடக்கும். ரைபோசோம் ஆர்என்ஏவில் அது நிறைய. அந்த இடங்களில் எத்திடியம் போய் உட்கார்ந்துவிடும். சிறு துண்டுகளாக இருப்பதால் அடிக்கு ஓடிப்போய் மேகமாகத் தெரிகிறது. உங்கள் டிஎன்ஏ உடையவில்லை. மேகம் ஆர்என்ஏ.

நேனோடிராப்பில் சாயமே இல்லை என்பதைக் கவனியுங்கள். 260 நேனோமீட்டர் ஒளியை எது விழுங்கினாலும் அது கணக்கில் சேர்த்துக்கொள்ளும். டிஎன்ஏ, ஆர்என்ஏ, உதிரி நியூக்ளியோடைடு எல்லாமே அதற்கு ஒன்றுதான். 620 என்றால் "விழுங்குகிறவை மொத்தம் இவ்வளவு" என்று பொருள். சுத்தமான டிஎன்ஏவுக்கு 260/280 விகிதம் 1.8 பக்கம், ஆர்என்ஏவுக்கு 2.0 பக்கம் வரும். கைடு சார் பாராட்டிய 2.04, "இதில் ஆர்என்ஏ அதிகம்" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்ன எண். சாரைக் குறை சொல்லவில்லை. எண் பெரிதாக இருந்தால் நாம் எல்லோரும் சந்தோஷப்படுகிறவர்கள்தான்.

பக்கத்து லேபில் கியூபிட் (சாயத்தின் ஒளியை வைத்து டிஎன்ஏவை அளக்கும் கருவி) இருக்கிறதா பாருங்கள். அதில் போடுகிற சாயம் இரட்டை இழை டிஎன்ஏவைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். ஒரே குழாயை நேனோடிராப்பிலும் கியூபிட்டிலும் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும்.

இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் எந்த இலையைப் பறித்தீர்கள்?

---

கொழுந்து_முருங்கை | செவ்வாய், காலை 7:05

கொழுந்து 🙈 பாட்டி "முத்தின இலையை எதுக்குப் பறிக்கிற, கொழுந்தா எடு" என்று தானே பறித்துக் கொடுத்தாள். நர்சரிச் செடியில் கொழுந்தே இல்லை, முற்றின இலைதான் கிடைத்தது.

---

கிண்டி_நிழல் | செவ்வாய், காலை 7:20

ஆக இரண்டு ரகங்களை ஒப்பிடவில்லை. ஒரு கொழுந்தையும் ஒரு முற்றின இலையையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். வளர்கிற இளம் இலையில் ஆர்என்ஏ அதிகம். இதை அப்படியே எழுதியிருந்தால் "யாழ்ப்பாணம் முருங்கையில் பட்டைகள் குறைவு" என்று தீசிஸில் ஏறியிருக்கும்.

---

நிறமில்லா_உண்மை | செவ்வாய், காலை 10:48

ஆர்என்ஏ விவகாரம் சரி. "கேன்சர்" பற்றி யாரும் பேசவில்லையே? எத்திடியத்தின் மேல் இருக்கிற பயம் பாதிக்கு மேல் வதந்தி.

1950-களில் இதை ஆப்பிரிக்காவில் மாடுகளுக்கு மருந்தாகவே கொடுத்தார்கள். ஹோமிடியம் என்ற பெயரில், டிரிபனோசோம் ஒட்டுண்ணி நோய்க்கு. ஒரு கிலோ எடைக்கு 1 மில்லிகிராம் ஊசி. 300 கிலோ மாட்டுக்கு 300 மில்லிகிராம். நம் ஜெல்லில் ஒரு மில்லிலிட்டருக்கு அரை மைக்ரோகிராம்தான் போடுகிறோம். மாட்டுக்கு ஒரே தடவையில் ஏற்றியது 600 லிட்டர் ஜெல்லில் இருக்கிற அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏம்ஸ் சோதனையில் (ஒரு பொருள் மரபணுவில் பிறழ்வை உண்டாக்குமா என்று பார்க்கிற சோதனை) பாக்டீரியாவில் பிறழ்வை உண்டாக்கியது உண்மை. ஆனால் கல்லீரல் சாறு சேர்த்தபிறகுதான் அப்படி வந்தது. மனிதருக்குப் புற்றுநோய் தந்தது என்று காட்டியதில்லை.

'சேஃப்' என்பது முதலில் ஒரு வணிகப் பெயர். ஜெல்ரெட் என்று விற்கிறார்களே, அது இரண்டு எத்திடியத்தை ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டிய மூலக்கூறுதான். பெரிதாக இருப்பதால் செல் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. பாதுகாப்பு என்பது அதுதான். உள்ளே இருக்கும் ஆள் பழைய எத்திடியமே. சைபர் கிரீனோ, யூவியோடு (புற ஊதா ஒளி) சேர்ந்தால் பாக்டீரியாவில் பிறழ்வைக் கூட்டும் என்று சோதனை செய்து எழுதியிருக்கிறார்கள்.

---

ஆழ்வார்பேட்டை_அம்மு | செவ்வாய், பகல் 12:10

மாட்டுக் கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மாட்டுக்கு நோய் இருந்தது, எப்போதோ ஒரு ஊசி. நாம் ஐந்து வருடம் தினமும் கை வைக்கிறோம். நோய் வராத மாட்டுக்குத் தினமும் கொஞ்சம் கொடுத்து யாராவது பார்த்தார்களா?

(ஒரு துணுக்கு: உட்கருவை நீலமாகக் காட்டுகிற டாப்பி என்ற டையும் இதே டிரிபனோசோமுக்கு மருந்து தேடப் போனபோது 1971-இல் கிடைத்ததுதான். தூக்க நோய்க்கு மருந்து தேடியவர்கள் நமக்கு ஆரஞ்சும் நீலமும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.)

---

பெரம்பூர்_டெக்னீஷியன் | செவ்வாய், மாலை 6:35

நான் படித்த படிப்பு டிப்ளமாதான். 22 வருடமாக லேபில் வேலை. இந்த விவாதத்தை ஒவ்வொரு புது பேட்சும் செய்கிறது. டையைத் தொடுகிறவர் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பிள்ளைகள் கிளவுஸ் போட்டு அரைமணி நேரம் ஜெல் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தட்டைக் கழுவுகிறவர், ஜெல்லைக் குப்பையிலிருந்து எடுக்கிறவர், தரையில் சொட்டியதைத் துடைக்கிற அம்மா, இவர்கள்தான் 22 வருடமும் தொடுகிறார்கள். முன்பு நான் இருந்த ஒரு இடத்தில் ஜெல்லைச் சாதாரணக் குப்பைக் கூடையில் போட்டார்கள். இருட்டறைக் கதவின் கைப்பிடியை ஒரு நாள் யூவி கை விளக்கில் காட்டினேன். ஆரஞ்சாக ஒளிர்ந்தது. டீ டம்ளர் வைக்கிற மேசை ஓரமும்.

மாடு பிழைத்ததா என்பது எனக்குத் தெரிய வேண்டாம். கதவில் ஏன் டை இருக்கிறது? கிளவுஸோடு கதவைத் திறந்தவர் யார்?

நான் வைத்திருக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். தூளாக வாங்கவே கூடாது, எடைபோடும்போது பறக்கும். கரைசலாகவே வாங்க வேண்டும். அகரோஸ் கொதித்த சூட்டிலேயே டை ஊற்றக் கூடாது. பிளாஸ்கைக் கையில் பிடிக்கிற சூட்டுக்கு ஆறட்டும். நைட்ரைல் கிளவுஸ்தான். ஒரு கை கிளவுஸ், கதவுக்கும் செல்போனுக்கும் வெறுங்கை. மீந்த கரைசலில் பிளீச்சிங் கரைசல் ஊற்றி "அழித்துவிட்டேன்" என்று சிங்கில் விடுகிறார்கள், அது தப்பு. நிறம் போய்விடும், ஆனால் உடைந்து வருகிற சிலதும் பிறழ்வு உண்டாக்கும். கரித்தூள் வடிகட்டியில் விட்டு, அந்தக் கரியையும் ஜெல்லையும் தனிப் பையில் கட்டி, எரியூட்டும் இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, டையைவிட எனக்கு ஜெல்லை யூவியில் காட்டும் அந்தப் பெட்டியைக் கண்டால்தான் பயம். ஒரு பையன் முகக் கவசம் இல்லாமல் டிரான்ஸ்இல்லுமினேட்டர் மேல் குனிந்து இருபது நிமிடம் பட்டை வெட்டினான். அப்போது ஒன்றும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஹாஸ்டலில் இருந்து போன் வருகிறது, கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு என்று அழுகிறான். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அவன் பயந்தது எத்திடியத்துக்கு, சுட்டது யூவி.

---

நிறமில்லா_உண்மை | செவ்வாய், இரவு 8:02

பெரம்பூர் அண்ணா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. கைப்பிடியை நானும் நாளைக்குப் பார்க்கிறேன்.

---

அகரோஸ்_தோசை | செவ்வாய், இரவு 8:40

யூவி என்றதும் ஞாபகம் வந்தது. பட்டையை வெட்டி குளோனிங் (டிஎன்ஏ துண்டைப் பாக்டீரியாவில் ஏற்றிப் பெருக்குவது) செய்கிறவர்களுக்கு நீல ஒளி மேசை நிஜமாகவே லாபம். யூவி டிஎன்ஏவையும் சுடுகிறது, பக்கத்துப் பக்கத்து தைமின்களை ஒட்டவைத்துவிடுகிறது. நானெல்லாம் லைகேஷன் (டிஎன்ஏ துண்டுகளை ஒட்டுவது) வராமல் லைகேஸ் என்சைமைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீல ஒளிக்கு மாறியதும் காலனி வந்தது. அதற்கு சைபர் சேஃப் மாதிரி 500 நேனோமீட்டர் பக்கம் ஒளி வாங்குகிற டை வேண்டும்.

ஆனால் டை மாற்றினால் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். எத்திடியம் 600 பக்கம் ஆரஞ்சு, சைபர் சேஃப் 530 பக்கம் பச்சை. காமிராவில் எத்திடியத்தின் ஆரஞ்சு வடிகட்டியையே வைத்துக்கொண்டு "புது டை சரியில்லை" என்று எங்கள் லேபில் ஒரு பாட்டிலையே ஓரங்கட்டினார்கள். பச்சையை உள்ளே விடாத கண்ணாடி வழியாகப் பச்சையைத் தேடினால் எங்கே தெரியும்!

---

பழைய_ஜெல் | செவ்வாய், இரவு 10:20

முருங்கைப் பெண்ணின் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. 300-க்குக் கீழே பட்டைகள் ஏன் இரண்டிலும் மங்கல்?

டிஎன்ஏ எதிர்மின்சுமை உடையது, நேர்முனையை நோக்கி ஓடும். எத்திடியம் நேர்மின்சுமை உடையது, எதிர்ப்பக்கம் ஓடும். ஜெல்லில் கலந்து ஊற்றிய டை, ஒன்றரை மணி நேரம் ஓடுவதற்குள் ஜெல்லின் அடிப்பாகத்தைக் காலி செய்துவிட்டு மேலே நகர்ந்துவிடும். சின்னப் பட்டை போய்ச் சேரும் இடத்தில் அதற்கு டை மிச்சம் இருக்காது. ஜெல் படத்தில் மேல்பாதி பின்னணி வெளிச்சமாகவும் கீழ்ப்பாதி கறுப்பாகவும் இருக்கிறதா பாருங்கள். நடுவில் ஒரு கோடு போட்ட மாதிரித் தெரியும். அதுதான் டை ஓடிய தடம்.

சின்னத் துண்டுக்குச் சின்ன அளவு டைதான் ஏறும் என்பதும் உண்டு. 250 காரஜோடிப் பட்டையும் 1500 பட்டையும் எண்ணிக்கையில் சமமாக இருந்தால், ஒளியில் ஆறு மடங்கு வித்தியாசம் வரும். பட்டை பளிச்சென்று இருப்பதால் அது "நிறைய" என்று சொல்லிவிட முடியாது.

டை இல்லாமல் ஜெல் ஊற்றுங்கள். ஓட்டி முடித்தபின் தட்டில் எத்திடியம் கரைசலில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். அப்புறம் வெறும் தண்ணீரில் கால்மணி. கீழே இருப்பது எல்லாம் எழுந்து வரும். காசு செலவு இல்லை.

---

கொழுந்து_முருங்கை | வியாழன், இரவு 7:55

பக்கத்துத் துறையில் கியூபிட் கிடைத்தது. ஆனால் முதல் நாள் மானம் போய்விட்டது. கருவி "ஸ்டாண்டர்டு சரியில்லை" என்று திரும்பத் திரும்பத் திட்டியது. டை குழாயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பிப்பெட்டை விட்டு 1 மைக்ரோலிட்டர் எடுத்தேன். டிப்பில் ஒன்றும் ஏறவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. அங்கே இருந்த அக்கா குழாயைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். உள்ளே உறைந்து கல்லு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது! டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருப்பார்களாம். அது 18 டிகிரி சில்லறையிலேயே உறைந்துவிடுமாம். ஏசியை அணைத்தார்கள். சென்னை வெயில் புண்ணியத்தில் ஐந்து நிமிடத்தில் உருகிவிட்டது.

அப்புறமும் ஒரு தடவை தப்பு செய்தேன். குழாயைக் கைக்குள் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றேன். "சூடேறினா ஒளி குறையும், ஸ்டாண்டில் வை" என்று அதற்கும் திட்டு.

கடைசியில் வந்த எண்கள்: பிகேஎம் 150. யாழ்ப்பாணம் 48.

620 என்று நம்பி 50-க்கு நீர்த்தேன். நிஜத்தில் அதில் இருந்தது 4-கூட இல்லை. பிகேஎம்மில் 36. ஒன்பது மடங்கு வித்தியாசத்தில் வைத்துவிட்டு, பட்டை ஏன் மங்கல் என்று கேட்டிருக்கிறேன்.

---

வடை_பாயசம் | வியாழன், இரவு 8:01

620-இல் 48 போக மிச்சத்தைக் கூட்டு வைத்துச் சாப்பிட்டிருக்கலாம்.

---

கிண்டி_நிழல் | வியாழன், இரவு 9:30

அருமை. இப்போது ஆர்என்ஏஸ் ஏ போடுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம், 37 டிகிரியில் அரைமணி. முடித்ததும் நேனோடிராப்புக்கு ஓடாதீர்கள். ஆர்என்ஏஸ் ஆர்என்ஏவை வெட்டும், மறையச் செய்யாது. வெட்டிய துணுக்குகளும் 260-ஐ விழுங்கும். எண் குறையாது, சிலசமயம் ஏறவும் ஏறும். "ஆர்என்ஏஸ் வேலை செய்யவில்லை" என்று பாட்டிலைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எத்தனாலில் மறுபடி வீழ்படிவாக்கி, 70 சதவீத எத்தனாலில் கழுவியபிறகு பாருங்கள்.

260/230 விகிதம் (இதுவும் சுத்தம் பார்க்கிற எண்) என்ன? முருங்கை இலையில் வழவழப்பு அதிகம். அது 1.5-க்குக் கீழே இருந்தால் பாலிசாக்கரைடும் கூடவே வந்திருக்கலாம், பிசிஆரைத் தடுக்கும். அதை எந்த டையும் காட்டாது.

---

சேத்துப்பட்டு_ஸ்லைடு | வியாழன், இரவு 10:12

ஃபுளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளப்பது) எங்களுக்கும் இதே கதை. புரோபிடியம் அயோடைடு எத்திடியத்தின் சொந்தக்காரர்தான். உயிருள்ள செல்லின் சவ்வைத் தாண்டாது, செத்த செல்லில் சிவப்பாக ஏறும். செல் சுழற்சி பார்க்க, செல்லை ஆல்கஹாலில் நிலைப்படுத்தி உள்ளே விடுகிறோம். பிரியத் தயாராக இருக்கிற செல்லில் டிஎன்ஏ இரட்டிப்பு, ஒளியும் இரட்டிப்பு. இரண்டு அழகான குன்று வர வேண்டும். ஆர்என்ஏஸ் போட மறந்தால் குன்று இரண்டும் பரந்து ஒரே மேடாகிவிடும். புரோபிடியமும் ஆர்என்ஏவை விடாது. உயிரோடு இருக்கிற செல்லின் உட்கருவைப் பார்க்க வேண்டுமென்றால் ஹெக்ஸ்ட் 33342 என்ற டை. அது உள்ளே போய் டிஎன்ஏவில் ஏ-டி காரஜோடி அதிகமுள்ள சிறு பள்ளத்தில் படுத்துக்கொள்ளும், செருகிக்கொள்ளாது.

காசநோய்ச் சளியில் ஆரமின் போட்டு மஞ்சளாகப் பார்க்கிறோமே, அதுவும் இந்த டிஎன்ஏ வகையா? இங்கே சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருந்துகொண்டு இதைக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

---

ஆழ்வார்பேட்டை_அம்மு | வியாழன், இரவு 10:40

வெட்கம் வேண்டாம், வைவாவில் வருகிற கேள்வி. ஆரமினை வைத்துக் கிருமியைப் பிரித்துக் காட்டுவது டிஎன்ஏ இல்லை, அதன் சுவர். மைக்கோலிக் அமிலம் நிறைந்த மெழுகுச் சுவர் சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், அமிலத்தில் கழுவினாலும் விடாது. மற்ற பாக்டீரியா விட்டுவிடும். ஒளிர்கிற எல்லாமே டிஎன்ஏவைப் பிடிப்பதில்லை.

---

சுழற்சி_40 | வெள்ளி, காலை 9:15

இந்தப் பேச்சை வேறு பக்கம் கடத்துவதற்கு மன்னிக்கவும், ஒரே ஒரு சந்தேகம். சைபர் கிரீன் ரியல்டைம் பிசிஆரில் (டிஎன்ஏ பெருகப் பெருக ஒளியை அளப்பது), டெம்ப்ளேட் (பெருக்க வேண்டிய டிஎன்ஏ) போடாத குழாயிலும் 34-ஆவது சுழற்சியில் கோடு ஏறுகிறது. மாசு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். புதிதாகச் செய்தும் ஏறுகிறது.

---

பழைய_ஜெல் | வெள்ளி, காலை 9:50

கொட்டுவதற்கு முன்னால் உருகல் வளைவைப் பார்த்திருக்கலாம். சைபருக்கு உங்கள் ஜீன் எது என்று தெரியாது. இரட்டை இழை எது வந்தாலும் ஒளிரும். பிரைமர்கள் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுகள்) ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் அதற்கும் ஒளிரும். முடிவில் மெதுவாகச் சூடேற்றினால், உங்கள் துண்டு உதாரணமாக 85 டிகிரியில் பிரியும், பிரைமர் இணை 75 பக்கத்திலேயே விட்டுவிடும். காலிக் குழாயின் முகடு தாழ்ந்த சூட்டில் இருந்தால் பிரைமரை மாற்றுங்கள். உங்கள் துண்டின் சூட்டிலேயே இருந்தால் மாசுதான், பிப்பெட்டைத் துடையுங்கள்.

ரியல்டைம் பிசிஆரை 1990-களின் தொடக்கத்தில் முதலில் செய்து காட்டியபோது குழாயில் போட்டது நம் எத்திடியம்தான். பழங்காலத்து டை என்று சீனியர் அக்கா சொன்னாரே, அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

---

கொழுந்து_முருங்கை | அடுத்த புதன், இரவு 9:10

வந்துவிட்டேன்.

பிகேஎம், யாழ்ப்பாணம் இரண்டிலும் முற்றின இலை, மேலிருந்து நான்காவது காம்பு. பாட்டிக்குக் கோபம். ஆர்என்ஏஸ், எத்தனால், எல்லாம் முடித்துக் கியூபிட்டில் அளந்து இரண்டையும் சரியாக 20-க்குக் கொண்டுவந்தேன். டை இல்லாத ஜெல், ஓடியபின் ஊறவைத்தேன். முதலில் எடுத்த டிஎன்ஏவையும் பக்கத்தில் ஓட்டினேன். மேகம் சுத்தமாக இல்லை.

பிகேஎம் இப்போது எட்டுப் பட்டைகள். எட்டாவது 250 பக்கம், இத்தனை நாள் கண்ணுக்கே தெரியாமல் இருந்தது. யாழ்ப்பாணம் ஏழு. மூன்று தடவை செய்தேன், மூன்றிலும் 800 பக்கத்தில் ஒன்று மட்டும் பிகேஎம்மில் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் இல்லை. மற்ற ஏழும் ஒன்றுக்கு ஒன்று பொருந்துகின்றன.

முதலில் நான்கு பட்டை வித்தியாசம் இருந்தது, இப்போது ஒன்றுதான். கைடு சாரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "அந்த 2.04-ஐ நான்தானே பாராட்டினேன்" என்றார். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார்.

---

கிண்டி_நிழல் | புதன், இரவு 9:34

அந்த ஒரு பட்டையை நம்பலாம். ஆனால் ஒரே ஒரு மரம்தானே. வேறு இரண்டு யாழ்ப்பாணம் மரத்திலும் அது இல்லையா என்று பாருங்கள். உங்கள் பாட்டி மரம் தனிப்பிறவியாக இருக்கலாம்.

---

கொழுந்து_முருங்கை | புதன், இரவு 9:41

பாட்டியின் தங்கை வீடு அயனாவரத்தில். இந்த மரத்துப் போத்தை வாங்கித்தான் அங்கே நட்டார்கள், அது கணக்கில் வராதே?

---

கிண்டி_நிழல் | புதன், இரவு 9:43

வராது. போத்து நட்டால் அதே மரம்தான்.

---

பெரம்பூர்_டெக்னீஷியன் | புதன், இரவு 9:58

நல்லது தங்கச்சி. ஊறவைத்த அந்த எத்திடியம் தட்டு இப்போது எங்கே இருக்கிறது?

---

கொழுந்து_முருங்கை | புதன், இரவு 10:02

மூடி போட்டு, பெயர் எழுதி, இருட்டறை மூலையில் வைத்திருக்கிறேன் அண்ணா. கரித்தூள் நாளைக்குப் பாரிமுனையில் வாங்கி வருகிறேன்.